"பிடிக்கவில்லை என்றால் வரமாட்டேன்னு சொல்லலாம்": ஆட்டோக்காரருக்குத்தான் சுதந்திரமா?

நங்கநல்லூர் அப்பா:
மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளை "எந்த வேலையில் சுதந்திரம் அதிகம்?" என்று பள்ளியில் எழுதி வரச் சொன்னார்கள். அவள் எழுதியதை இந்த இணையத் திரியில் அப்படியே தருகிறேன்.

"டீச்சருக்குச் சுதந்திரம் இல்லை. மணி அடித்தால்தான் வெளியே போகலாம், எங்களைப் போலவே. அப்பாவுக்கும் இல்லை. போன் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். துணிக்கடை அக்கா உட்காரக் கூடாது. கீரைப் பாட்டி கீரை தீர்ந்ததும் வீட்டுக்குப் போகலாம். ஆட்டோ மாமாவுக்குத்தான் நிறையச் சுதந்திரம். பிடிக்கவில்லை என்றால் வரமாட்டேன் என்று சொல்லலாம்."

ஐடியில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் எனக்குப் பிடிபடாதது எட்டு வயதில் அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. என் மேனேஜரிடம் ஒரே ஒரு நாள் "வரமாட்டேன்" என்று நான் சொல்ல முடியுமா? ஆட்டோக்காரர் அதைத் தினமும் சொல்கிறார். குழந்தை எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை.

காக்கிச்சட்டை:
பாப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறது. கீழே நீங்கள் ஒரு வரி போட்டீர்களே, நூற்றுக்கு நூறு என்று, அதற்குத்தான் வந்தேன். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். சொந்த வண்டி இல்லை, வாடகை வண்டி. காலையில் சாவியை வாங்கும்போதே ராத்திரி ஓனரிடம் எண்ணி வைக்க வேண்டிய பணம் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அது தேறும்வரை எவர் கை காட்டினாலும் நிறுத்துவேன். நான் "வரமாட்டேன்" என்று தினமும் சொல்வதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

நங்கநல்லூர் அப்பா:
கண்ணால் பார்த்தேன் ஐயா. போன மழையில் சென்னை ஜிஎஸ்டி ரோடு பக்கம் குழந்தையை வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டோ வந்தது. நங்கநல்லூர் என்றதும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் அதைப் பார்த்துத்தான் எழுதினாள்.

காக்கிச்சட்டை:
அப்படி முழுசாகச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி ரோட்டில் இருந்து நங்கநல்லூர் என்றால் ரயில் பாதைக்கு அடியில் போகும் பழவந்தாங்கல் சப்வே வழிதான். கொஞ்சம் பலமாகப் பெய்தாலே அங்கே தண்ணீர் நிற்கும் என்பது அந்த ஏரியாவில் இருக்கும் உங்களுக்கே தெரியும். நடுவில் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்துவிடுவீர்கள். முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவன் நான். மெக்கானிக் காசு என்னுடையது, அன்றைய வாடகையும் என்னுடையது. இதற்குப் பெயர் சுதந்திரமா?

வாய்தா:
இரண்டு பேரும் சட்டத்தைத் தொடவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 178, உட்பிரிவு 3. வாடகைக்கு ஓடும் வண்டிக்காரர் விதிக்கு மாறாகச் சவாரி மறுத்தால் குற்றம். மூன்று சக்கர வண்டிக்கு 50 ரூபாய் வரை அபராதம். மற்ற வண்டிகளுக்கு 200 ஆக இருந்ததை 2019 திருத்தத்தில் 500 ஆக்கினார்கள், ஆட்டோவுக்கு மட்டும் 50 அப்படியே நிற்கிறது. ஆக, சட்டப்படி ஆட்டோக்காரர் "வரமாட்டேன்" என்று சொல்லவே முடியாது. குழந்தை எழுதியது தவறு, விஷயம் முடிந்தது.

நங்கநல்லூர் அப்பா:
50 ரூபாயா! நான் "வரமாட்டேன்" என்றால் வேலையே போய்விடும். அவர் சொன்னால் 50 ரூபாய். என் மகள் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், நன்றி.

காக்கிச்சட்டை:
50 ரூபாய் என்று வாயைப் பிளக்கிறீர்களே, ரோட்டில் கையைக் காட்டி ஓரம் கட்டுகிறவர் அந்த 50 ரூபாயோடு விடுவாரா? காக்கிச் சட்டையில் பட்டன் போட்டிருக்கிறாயா, பேட்ஜ் எங்கே, வண்டியின் தகுதிச் சான்று, அதாவது எஃப்சி, எப்போது முடிகிறது, இன்சூரன்ஸ் காட்டு, மீட்டர் சீல் எங்கே என்று ஆரம்பிப்பார். சவாரி மறுத்ததற்கு வாங்கும் ரசீதைவிட அதற்கப்புறம் தேடிப் பிடிக்கும் ரசீதுதான் பெரிது. வாய்தா சாருக்குப் புத்தகத்தில் இருப்பது தெரியும். எனக்கு ரோட்டில் இருப்பது தெரியும்.

மூன்றாம் பீரியட்:
ஆட்டோவை விட்டு யாரும் இறங்க மாட்டீர்களா? "மணி அடித்தால்தான் வெளியே போகலாம், எங்களைப் போலவே" என்று அந்தக் குழந்தை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அடுத்த பீரியட் ஆசிரியர் வாசலுக்கு வரும்வரை வகுப்பை விட்டு நகர முடியாது, பாத்ரூமுக்குக்கூட. அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிற ஆசிரியைகள் உண்டு. லீவு நாளில் வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்புவார்கள். அங்கே நான் "வரமாட்டேன்" என்று சொல்லிப் பார்க்கட்டுமா?

நங்கநல்லூர் அப்பா:
மேடம், உங்களுக்கு மே மாதம் இருக்கிறது.

மூன்றாம் பீரியட்:
வந்துவிட்டதா மே மாதம்? இதைச் சொல்லாமல் ஒரு திரியும் முடியாதே. விடைத்தாள் திருத்தும் முகாம் எந்த மாதம் நடக்கிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

பைக் பையன்:
எல்லாரும் பழைய வேலையையே பேசுகிறீர்கள். நான் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறேன். எனக்கு ஓனர் இல்லை, மணி இல்லை. தூக்கம் வந்தால் லாக் அவுட். பாப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள், முதல் இடம் எனக்குத்தான் கொடுக்கும்.

காக்கிச்சட்டை:
தம்பி, நானும் சவாரி ஆப் ஓட்டியவன்தான். லாக் அவுட் பண்ணலாம், யார் தடுத்தது? ஆனால் இன்சென்டிவ் கிடைக்க இன்னும் ஒரு ஆர்டர் பாக்கி என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீனில் காட்டும்போது பண்ணிப் பாரு. வந்த ஆர்டரைத் தட்டிவிட்டால் அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று யாரிடம் கேட்பாய்? எனக்காவது சண்டை போட ஓனர் என்று ஒரு ஆள் எதிரில் நிற்கிறார். உனக்கு அதுவும் கிடையாது. உங்களுக்கு ஒரு நல வாரியம் வேண்டும் என்று 2023இல் அரசே அமைத்ததே, சுதந்திரமாகத் திரிகிறவனுக்கு எதற்கு வாரியம்?

பைக் பையன்:
அண்ணா, வாரியம் கட்டடத் தொழிலாளிக்கும் இருக்கிறது. ஆட்டோவுக்கும் இருக்கிறது. நீங்கள் ஆட்டோ ஓட்டுகிறவர் என்பதால் ஆட்டோதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்கிறீர்கள். நான் லாக் அவுட் பண்ணுவேன். நேற்றும் பண்ணினேன்.

தி.நகர் சேல்ஸ்:
துணிக்கடை அக்காவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நானே பேசுகிறேன். கேரளாவுக்கு அடுத்து நம் மாநிலத்தில் 2021இல் சட்டம் வந்தது. கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்து, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். இப்போது அதன்மேல் புடவைப் பெட்டி அடுக்கியிருக்கிறது. கஸ்டமர் இல்லாத நேரத்தில் பெட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து, "சும்மா இருக்கிற நேரத்தில் ஷெல்ஃபில் இருக்கிற துணியை மடித்து வை" என்பார். ராத்திரி வீட்டுக்குப் போனால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அழுந்திய தடம் அப்படியே பள்ளமாக நிற்கும். தீபாவளிக் கூட்டத்தில் எங்கள் கால் எத்தனை பேர் கண்ணில் படும்? அந்தப் பாப்பா கண்ணில் பட்டிருக்கிறது.

வாய்தா:
சட்டம் இருக்கிறதே, தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

தி.நகர் சேல்ஸ்:
கொடுத்துவிட்டு மறுநாள் எந்தக் கடைக்கு வேலைக்குப் போவது என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

காக்கிச்சட்டை:
நம் தங்கச்சி சொல்வதுதான் சங்கதி. ஆனால் ஒன்று, அவர் நிற்கிறார் என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். டீச்சருக்கு மணி இருப்பதையும் ஒத்துக்கொள்கிறார்கள். என்னை மட்டும்தான் "உனக்கென்னப்பா, இஷ்டத்துக்கு ஓட்டுகிறாய்" என்கிறார்கள். ஸ்டாண்டில் என்ன நடக்கிறது தெரியுமா? வண்டிகள் வரிசையில் நிற்கும். முதல் வண்டிக்குத்தான் சவாரி. நான் முதல் இடத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது வந்து நிற்கிற சவாரியை வேண்டாம் என்றால் கடைசிக்குப் போக வேண்டும். எவன் வேண்டாம் என்பான்?

மீட்டரையும் சொல்லிவிடுகிறேன். 2013 ஆகஸ்டில் அரசு போட்ட கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் பத்து கிலோமீட்டர் போனால் 123 ரூபாய் சொச்சம். திரும்பும்போது சவாரி இல்லையென்றால் இருபது கிலோமீட்டருக்கும் அதே 123தான், வண்டிக்குப் போடும் கேஸ் காசும் அதற்குள்தான். காலியாகத் திரும்ப வேண்டிய ஏரியா என்றால் யோசிக்கத்தான் செய்வேன். அதை நீங்கள் "வரமாட்டேன்" என்று காதில் வாங்கிக்கொள்கிறீர்கள்.

நங்கநல்லூர் அப்பா:
பார்த்தீர்களா, "யோசிப்பேன்" என்று அவரே சொல்லிவிட்டார். முதலில் யார் கூப்பிட்டாலும் நிறுத்துவேன் என்றார். என் மேனேஜர் முன்னால் நான் யோசிக்கக்கூட முடியாது. அப்புறம் மீட்டர் மீட்டர் என்கிறீர்களே, அந்த 25 ரூபாய்க்கு என்னை யார் ஏற்றினார்கள்? "மீட்டருக்கு மேல முப்பது" என்றுதானே பேச்சே ஆரம்பிக்கும்?

காக்கிச்சட்டை:
எனக்கு இப்போதுதான் பொறி தட்டுகிறது. முன்பு இங்கே ஓடிய மீட்டர் திரியில் ஆட்டோக்காரன் எல்லாம் வழிப்பறி என்று எழுதிவிட்டு, நாங்கள் நாலு பேர் திருப்பிக் கேட்டதும் அழித்தவர் நீங்கள்தானே? பெயர் மாறியிருக்கிறது, எழுத்து மாறவில்லை. அன்று திட்டினீர்கள், இன்று குழந்தையை முன்னால் நிறுத்திப் பாராட்டுகிற மாதிரி அதையே சொல்கிறீர்கள்.

நங்கநல்லூர் அப்பா:
என் குழந்தையை இதில் இழுக்க வேண்டாம்.

மூன்றாம் பீரியட்:
குழந்தையை இழுத்துக்கொண்டு வந்தவரே நீங்கள்தான்! அந்த வீட்டுப்பாடத்தை ஒரு டீச்சர் திருத்தப் போகிறார், அவர் மனசு என்ன பாடுபடும் என்று யோசித்தீர்களா?

வாய்தா:
மறுபடியும் சொல்கிறேன், பிரிவு 178. மறுக்க முடியாது.

காக்கிச்சட்டை:
மறுபடியும் சொல்கிறேன், நான் மறுக்கவில்லை.

பைக் பையன்:
கீரைப் பாட்டியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

காக்கிச்சட்டை:
என் அம்மா கீரை விற்றவர் தம்பி. தீர்ந்தால் வீட்டுக்குப் போகலாம், தீராவிட்டால்? மாலைக்குள் வாடிய கட்டை யார் வாங்குவார்? விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கோயம்பேடு போய்த் தூக்கி வந்ததைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். அதைப் பேச வேண்டுமென்றால் தனித் திரி போடு, நான் வருகிறேன்.

நங்கநல்லூர் அப்பா:
விஷயத்துக்கு வாருங்கள். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இருந்து ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடுவில் சப்வேயும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதற்கே நூறு ரூபாய் கேட்டார்கள். 1.8 கிலோமீட்டருக்குள் வருகிற தூரம். நீங்கள் சொன்ன கணக்கில் 25 ரூபாய்.

காக்கிச்சட்டை:
எந்த வழியில் 1.8க்குள் வருகிறது? சந்துக்குள் புகுந்து போனால் வரும். அங்கே எதிரில் ஒரு கார் வந்தால் நான் பின்னால் எடுத்தே ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும். மெயின் ரோட்டில் சுற்றிப் போய் அளந்து பாருங்கள்.

நங்கநல்லூர் அப்பா:
அளந்துவிட்டேன். 1.8 வரவில்லை.

காக்கிச்சட்டை:
எதில் அளந்தீர்கள், போனிலா? நடந்து போகிற வழியைக் காட்டியிருக்கும். மீட்டர் போட்ட வண்டியில் ஏறி அளந்துவிட்டு வந்து பேசுங்கள்.