மறு: டர்போ டிராக் எஞ்சின்களின் டியூரபிலிட்டிக்கு என்ன சொல்?

அன்பர்களுக்கு வணக்கம்.

> வலிமை, நீடித்த ஆயுள் இரண்டையும் போட்டுவிடலாம். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. டிராக் எஞ்சினில், அதாவது நேர்க்கோட்டில் குறுகிய தூரம் பாயும் பந்தய வண்டியின் எஞ்சினில், இவை இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதே அபூர்வம், பல நேரம் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டியிருக்கிறது. கால் மைலை, அதாவது 402 மீட்டரை, ஏழெட்டு நொடியில் முடிக்கிற வண்டிக்கு மணிக்கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் எதற்கு? பந்தயக்காரர்கள் கேட்பது "எத்தனை பாஸ் ஆச்சு?" என்றுதான், பாஸ் என்றால் தடத்தில் ஒரு முறை ஓடி முடிப்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவுகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய குதிரைத்திறனில் ஓட்டுகிறவர்கள் பலர் அலுமினிய ராட் போடுகிறார்கள். எடை குறைவு, அதோடு பிஸ்டன் மேல் விழும் அடியைத் தானே கொஞ்சம் வாங்கிக்கொண்டு பேரிங்கைக் காப்பாற்றும். ஆனால் எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை இழுத்து அழுத்தினாலும் விரிசல் விடாது என்று நம்பலாம். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. ஒவ்வொரு சுழற்சியும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் ஓட்டங்களை எண்ணி எழுதி வைத்து, பார்க்க நன்றாக இருக்கும்போதே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அந்த ராட் வலிமையில்லாதது என்று யாரால் சொல்ல முடியும்?

அப்புறம் டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற டர்போ எஞ்சின். 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மி.மீ., வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங். ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்று விற்ற எஞ்சின், அதே பிளாக்கையும் கிராங்கையும் வைத்துக்கொண்டு பிஸ்டன், ராட், டர்போ எல்லாம் மாற்றி ஆயிரத்தைத் தாண்டுகிறார்கள். பிளாக் தாங்குகிறது, சரி. ஆனால் ஆயிரத்தில் எத்தனை ஓட்டம் வரும் என்பதைக் கட்டுகிற கைதான் முடிவு செய்கிறது. பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விட்ட இடைவெளி போதவில்லை என்றால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டனின் ஓரத்தையே பெயர்த்துக்கொண்டு போகும். டெட்டனேஷன், அதாவது எரிபொருள் கலவை தானே வெடிப்பது, வந்தால் சில நேரம் ஒரே ஓட்டத்தில் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும், சில நேரம் வெளியே ஒன்றும் தெரியாமல் பேரிங்கை அடித்து அடித்து நசுக்கி, நாலைந்து ஓட்டம் கழித்து வேலையைக் காட்டும். இதற்காகத்தான் வண்டி திரும்பி வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் பிஸ்டனின் அலுமினியம் துளித்துளியாக ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார்கள். மெத்தனாலை எரிபொருளாக விரும்புவதற்கும் காரணம் இதுதான், ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றின் சூட்டை அது நிறைய எடுத்துவிடுகிறது.

ஆகவே என் பரிந்துரை: ஒரே நேரத்தில் எவ்வளவு விசையை ஏற்கும் என்பதற்கு 'தாங்குதிறன்'. எத்தனை முறை ஏற்ற பிறகும் வேலை செய்யும் என்பதற்கு 'உழைதிறன்'. பாஸுக்கு 'ஓட்டம்'. "இந்தச் செருப்பு ரெண்டு வருஷம் உழைச்சது", "அந்த டயர் நல்லா உழைக்கும்" என்று எல்லோரும் பேசுகிற பேச்சு, புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

---

> உழைதிறன் என்றால் தொழிலாளியின் உழைப்புத் திறன் என்று படித்துவிடுவார்களே ஐயா. 'நீடுழைப்பு' இன்னும் தெளிவாக இல்லையா?

அம்மா, 'நீடுழைப்பு' கேட்க அழகாகவே இருக்கிறது, லாரியின் டீசல் எஞ்சினுக்கு அப்படியே பொருந்தும். டிராக் எஞ்சினில்தான் 'நீடு' இடிக்கிறது. டர்போ இல்லாமல், எஞ்சினே சுழற்றிக் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்து, நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் டாப் ஃப்யூவல் பந்தய வகையைப் பாருங்கள். 2008 முதல் அமெரிக்காவில் அவர்கள் ஓடுவது ஆயிரம் அடிதான், நாலு நொடிக்குள் முடிந்துவிடும், அதற்கே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறார்கள். "இதன் நீடுழைப்பு ஒரு ஓட்டம்" என்று எழுதினால் வாக்கியமே தன்னோடு மோதுகிறது. "இதன் உழைதிறன் ஒரு ஓட்டம்" என்றால் சிக்கல் இல்லை, கூடுதல் குறைவு இரண்டையும் சொல்ல இடம் கொடுக்கிற சொல் அது. தொழிலாளி குழப்பம் எஞ்சின், ராட், பேரிங் என்று பக்கத்தில் ஒரு பொருள் வந்ததுமே தீர்ந்துவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன் (பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்): "பூஸ்டைக் கூட்டினால் குதிரைத்திறன் ஏறும், தாங்குதிறன் இடம் கொடுக்கும்வரை ஒன்றும் உடையாது, ஆனால் உழைதிறன் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும்." எனக்கு இது தடையில்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்.

இது முடிந்தால் அடுத்து டெட்டனேஷனையும் ப்ரீ-இக்னிஷனையும் பிரித்தாக வேண்டும். பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது பின்னது, அதற்கு 'முன்பற்றல்' போதும். பொறிக்குப் பிறகு, மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடிப்பது முன்னது, அதற்குத்தான் நல்ல சொல் இன்னும் கிடைக்கவில்லை.