வீட்டில் கசக்கும் மல்லிகை டீ, ஆபீஸில் சப்பென்ற ஏர்ல் கிரே

கேள்வி: வீட்டில் மல்லிகை கிரீன் டீ போட்டால் கசக்கிறது. ஆபீஸில் ஏர்ல் கிரே (பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் வாசனை சேர்த்த பிளாக் டீ) சப்பென்று இருக்கிறது. இரண்டையும் ருசி பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். எப்படிப் போடுவது?

பதில்: தண்ணீர்ச் சூடுதான் காரணம். மல்லிகைக்கு 80 டிகிரி, 2 நிமிஷம் போதும். கொதிநீர் ஊற்றினால் இலையில் உள்ள கேட்டச்சின் என்ற கசப்புப் பொருள் அதிகமாக இறங்கிக் கசக்கும். ஏர்ல் கிரேக்குத் தளதளவென்று கொதித்த நீர் வேண்டும். ஆபீஸ் டிஸ்பென்சர் தண்ணீர் அந்தச் சூட்டில் வராது, பேப்பர் கப்பில் இன்னும் ஆறும். பீங்கான் கப்பை வெந்நீரில் அலசி, டீயை 4 நிமிஷம் மூடி வையுங்கள். மூடாவிட்டால் பெர்கமாட் வாசனை ஆவியோடு போய்விடும்.

பதில்: அளவும் முக்கியம். ஐஎஸ்ஓ 3103 என்ற, டீ ருசி பார்ப்பதற்கான சர்வதேச முறைப்படி 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிஷம். அது தரம் பார்ப்பதற்கு. குடிக்க ரொம்ப ஸ்ட்ராங். 200 மில்லிக்கு 2 கிராம் போதும். ஸ்பூனை நம்பாதீர்கள்: சுருட்டிய இலை ஒரு ஸ்பூன் கனமாக இருக்கும், விரிந்த இலை பாதிகூட வராது. முதலில் முகருங்கள், சற்று ஆறியதும் சத்தமாக உறிஞ்சுங்கள். காற்று கலந்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும்.

பதில்: மசாலா டீயோடு ஒரே டிராயரில் மல்லிகையைத் திறந்து வைத்தால் ஏலக்காய் வாசனை ஏறிவிடும். செம்பருத்தி கலந்ததில் பால் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: தெர்மாமீட்டர் இல்லாமல் 80 டிகிரி எப்படி?

பதில்: சாதாரணத் தண்ணீர் ஒரு பங்கு, அதன்மேல் கொதிநீர் மூன்று பங்கு. பிறகு இலையைப் போடுங்கள்.