‘பெரிய வீடு’ குழுவில் ஒரு சனிக்கிழமை ராத்திரி

நான்: எல்லாரும் இருக்கிறீர்களா? இன்டர்ன்ஷிப் கடிதம் வந்துவிட்டது. மே 18 சேர வேண்டும், ஜூலை 10 வரை. ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு விடுதி பார்த்திருக்கிறேன். இன்று ராத்திரிக்குள் முன்பணம் அனுப்பினால்தான் அறை நிற்குமாம். அனுப்பலாமா?

பெரியம்மா: 👏👏👏

அப்பா: 👍

பிரபு அண்ணன்: சித்தப்பா, அந்தக் கட்டைவிரல் வாழ்த்துக்கா, முன்பணத்துக்கா?

அத்தை: விடுதி எதற்கு? நான் அதே ஊரில்தானே இருக்கிறேன்?

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: படித்துவிட்டேன் அண்ணி.

சித்தப்பா: 🙈

அம்மா: தப்பாக எதுவும் இல்லை சுமதி. உனக்கு எதற்குச் சிரமம் என்றுதான்.

அத்தை: இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து லாட்ஜில் தங்கிவிட்டுப் போனீர்களே, அதுவும் என் சிரமத்துக்காகத்தானா?

அப்பா: 👍

அம்மா: எதற்கு இப்போது கட்டைவிரல்??

அப்பா: கை பட்டுவிட்டது

பெரியப்பா: யாழிக்கு ஆசீர்வாதம். என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1988-ல் எனக்கு 10 வாரப் பயிற்சி. புது ஊர். அறை, ஆபீஸ், அறை. சனி ஞாயிறு வந்தால் துணி துவைப்பேன், தூங்குவேன், வீட்டுக்குக் கடிதம் எழுதுவேன். போகலாம் போகலாம், கடைசி வாரம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று இருந்தேன். கடைசி வாரம் அறிக்கை எழுதவே நேரம் போதவில்லை. ஊர் திரும்பும்போது ரயில் ஜன்னலில் கடல் தெரிந்தது. ஆபீஸுக்கு அவ்வளவு பக்கம் என்று அன்றைக்குத்தான் தெரியும். ஆகவே யாழி, முதல் நாளே பயணச்சேட்டை வாங்கிக்கொள்.

பிரபு அண்ணன்: அப்பா, என்ன சேட்டை 😂

பெரியப்பா: பயணச்சீட்டு. மாதப் பாஸ். குரல் டைப்பிங் செய்கிற கோளாறு.

சித்தப்பா: யாழிக்குச் சேட்டை தனியாக வாங்க வேண்டுமா என்ன

பெரியம்மா: இவர் கடல் பார்க்காத கதையை 30 வருடமாகக் கேட்கிறேன். என்னை மட்டும் எந்தக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று கேளுங்கள்.

நான்: விடுதி விஷயம்...

பிரபு அண்ணன்: யாழி, அறையைப் பார்க்காமல் ஒரு பைசா அனுப்பாதே. வீடியோ காலில் வரச் சொல். வாசலிலிருந்து நடந்துபோய் அறை வரைக்கும் காட்டட்டும், குழாயைத் திறந்து காட்டட்டும். இப்போது முடியாது என்றால் விட்டுவிடு. இன்று ராத்திரிக்குள் என்று அவசரப்படுத்துகிறவரிடம் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இரு. தங்கப் போனால் முதல் நாளே சுவர், கதவு, கட்டில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள். முன்பணத்தைத் திருப்பி வாங்கும்போது உதவும்.

அத்தை: என் வீட்டுக்கு முன்பணம் வேண்டாம்.

பிரபு அண்ணன்: அத்தை, கோபப்படாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து அவள் ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரம். போக வர 3. வேலை நாள் 40. மொத்தம் 120 மணி நேரம். முழுதாக 5 நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

அத்தை: கணக்கெல்லாம் நன்றாகத்தான் போடுகிறாய். நீ இங்கே இருந்த 2 மாதத்தில் என் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தாய், அதையும் போடு.

பிரபு அண்ணன்: ...

சித்தப்பா: 1

பெரியப்பா: இன்னொன்று. மே 18 சர்வதேச அருங்காட்சியக தினம். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பல இடங்களில் இலவசமாக விடுவார்கள். யாழி தவறவிடக் கூடாது.

நான்: பெரியப்பா, அன்றைக்குத்தான் வேலையில் சேருகிறேன் 😭

பெரியப்பா: சாயங்காலம்?

பிரபு அண்ணன்: அப்பா!! யாழி, மற்ற நாளில் போவதானால் எந்தக் கிழமை விடுமுறை என்று பார்த்துவிட்டுப் போ. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. நான் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுப் போய், பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வாட்ச்மேன் பாவப்பட்டு அந்தக் கேட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார்.

நான்: அதைத்தான் டிபியாக வைத்திருந்தாயா!

நான்: எனக்குப் பயமே சனி ஞாயிறுதான். அங்கே ஒருத்தரையும் தெரியாது.

பிரபு அண்ணன்: 8 வாரம் என்றாலும் நடுவில் வருவது 7 சனி ஞாயிறுதான். அதில் ஒன்று காய்ச்சலில் போகும், ஒன்று வேலையில் போகும். மீதி 5. சேருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவை நடந்து பார். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள், சிக்னல் இல்லாவிட்டாலும் வழி தெரியும். ஆபீஸில் ‘எங்கே போகலாம்’ என்று கேட்காதே, எல்லாரும் ஒரே நாலு இடத்தைத்தான் சொல்வார்கள். ‘போன ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள்’ என்று கேள். எனக்கு ஏரிக்கரையில் பறவை பார்க்கிற கூட்டம் அப்படித்தான் கிடைத்தது. மாதப் பாஸ் உடனே வேண்டாம். முதல் வாரம் எத்தனை தடவை பஸ் ஏறுகிறாய் என்று எண்ணிவிட்டு வாங்கு.

பெரியப்பா: நான் சொன்னதைத்தான் சொல்கிறான்.

சித்தப்பா: சேட்டை தவிர

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். பெட்டி? அந்த நீலப் பெட்டி யாரிடம்?

பெரியம்மா: சின்னவர் வாங்கிக்கொண்டு போனார்.

சித்தப்பா: நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அண்ணி

பெரியம்மா: எப்போது?

சித்தப்பா: தேடுகிறேன்

அத்தை: அது என் பெட்டி. என் முதல் சம்பளத்தில் வாங்கியது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

பெரியப்பா: எனக்கு இருக்கிறது அம்மா. கடைக்கு நான்தான் கூட வந்தேன்.

அத்தை: 🙂

நான்: அத்தை, முதல் வாரம் உங்களோடு இருக்கிறேன். விடுதியை நேரில் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாமா?

அத்தை: அப்புறம் என்ன அப்புறம்? மாடி அறையை இப்போதே ஒழித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: ஒரு வாரம் என்றால் சரிதான்.

அத்தை: ஒரு வாரம் என்று நான் சொல்லவில்லை அண்ணி.

அப்பா: 👍

சித்தப்பா: 📷 போட்டோ

சித்தப்பா: கிடைத்துவிட்டது. பரணில் இருந்தது. சக்கரம் மட்டும் மூன்றுதான்

பெரியம்மா: யாழி, அந்த ஊரில் கடல் உண்டா?

நான்: விடுதிக்காரர் மறுபடியும் கூப்பிடுகிறார். என்ன சொல்ல? யாராவது சொல்லுங்கள்.

அம்மா: பெட்டிச் சாவி யாரிடம்?