கொச்சியா, மும்பையா? தங்கச்சிக்காகக் கேட்கிறேன்

வணக்கம். நாங்கள் பாலக்காடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தங்கச்சி பி.காம். முடித்துவிட்டாள். அப்பா சொசைட்டியில் ஊற்றும் பாலுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே அவள்தான் கணக்கு. லிட்டர், கொழுப்பு, விலை என்று நோட்டில் பென்சிலால் கோடு போட்டு எழுதுவாள். வந்த பணத்தோடு அது ஒத்துப்போனால்தான் தூக்கம் வரும். படித்தால் நிதித்துறைதான் என்கிறாள்.

எந்த ஊர் என்பதில்தான் குழப்பம். குசாட்டில் (கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) எம்.பி.ஏ., இல்லையென்றால் மும்பைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். ரிசர்வ் வங்கி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, இரண்டு பெரிய பங்குச்சந்தைகள் என எல்லாவற்றுக்கும் தலைமையிடம் மும்பை. பங்குச்சந்தை வேலைக்கு அதுதான் சரி. ஆனால் இவளுக்கு ஆசை வங்கிக் கடன் பிரிவில். ஃபெடரல் வங்கி ஆலுவாவில், சவுத் இந்தியன் வங்கி திருச்சூரில், முத்தூட் கொச்சியில் என்று எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் எனக்குக் கொச்சிதான் மனசில் நிற்கிறது. அம்மாவுக்கும் அதுதான், காரணம் வேறு: ரயிலேறினால் அன்றைக்கே வீடு வந்துவிடலாம்.

என் பேச்சால் அவள் வாய்ப்பு போய்விடக் கூடாது என்றுதான் கேட்கிறேன். கடன், ரிஸ்க் பிரிவுகளில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: கொச்சியில் படித்தால் பிறகு மும்பைக்கு மாறுவது கஷ்டமா? மும்பையில் பெண்கள் விடுதிக்கு மாதம் எவ்வளவு ஆகும்? அப்புறம், தமிழ் மீடியத்தில் படித்தவள், மலையாளம் பேசுவாள், வாசிக்கத் திணறுவாள். குசாட்டில் அது சிரமமாகுமா?