உடலுறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைத் தரம் 3 பிள்ளைகளுக்குக் கற்பித்தல்

கேள்வி: வலிகாமம், ஆங்கில ஆசிரியை

வணக்கம். வலிகாமத்தில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 3 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். முதலிரு தரங்களில் வாய்மொழி ஆங்கிலத்தில் பாடிப் பழகி வந்த பிள்ளைகள் என்பதால், தலை முதல் கால்விரல் வரை தொட்டுக் காட்டிப் பாடும்போது ஒருவரும் பிசகுவதில்லை. ஆனால் ஒரு பிள்ளையைத் தனியே எழுப்பி 'ஷோல்டர்' எது என்று கேட்டால், 'ஹெட்' என்று தொடங்கி மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த பின்னரே கை தோளுக்குப் போகிறது. 'ஹாண்ட்' (hand), 'ஆம்' (arm) இரண்டுக்கும் ஒரே இடத்தையே தொடுகிறார்கள். 'ஃபுற்' (foot), 'லெக்' (leg) நிலையும் அதுவே. இவற்றை எவ்வாறு பிரித்துப் பதிய வைக்கலாம்?

பதில் 1: வடமராட்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளைகள் சொல்லைக் கேட்டுத் தொடவில்லை, பாட்டின் வரிசையையும் உங்கள் கையையும் பின்பற்றித் தொடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தெடுத்த முறையில் ஆசிரியர் கட்டளையிடுவார், மாணவர் உடலை அசைத்துப் பதிலளிப்பார். வாய் திறந்து பேசும்படி அவசரப்படுத்துவதில்லை. நம் வகுப்பறைகளில் அதன் முற்பகுதி, அதாவது ஆசிரியர் செய்து காட்டப் பிள்ளைகள் பின்பற்றுவது, மட்டுமே நடக்கிறது. தொடக்கத்தில் நீங்கள் சேர்ந்து செய்து காட்டலாம். ஆனால் விரைவிலேயே கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றிச் சொல்லை மட்டும் சொல்ல வேண்டும். பின்னர் 'நோஸ்' என்று சொல்லிக்கொண்டே உங்கள் காதைத் தொடுங்கள். மூக்கைத் தொடுபவர் உங்கள் சொல்லைக் கேட்கிறார், காதைத் தொடுபவர் உங்கள் கையைப் பார்க்கிறார். எந்தப் பிள்ளைக்கு இன்னும் உதவி தேவை என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரு பாடவேளையில் ஐந்தாறு புதிய சொற்களுக்கு மேல் வேண்டாம்.

பதில் 2: தென்மராட்சி, ஆரம்பப் பிரிவு ஆசிரியை

கை, கால் பற்றி மட்டும் எழுதுகிறேன். இது பிள்ளைகளின் கவனக்குறைவு அன்று. தோள்மூட்டிலிருந்து விரல்நுனி வரை எல்லாவற்றையும் 'கை' என்றே சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு, ஆங்கிலம் மணிக்கட்டில் ஒரு கோடு கிழிக்கிறது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். சுவரில் தொங்கும் படத்தில் அம்புக்குறியின் முனை ஒரு புள்ளியைத்தான் தொடுகிறது. உறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில் தெரிவதில்லை.

ஒரு பிள்ளையைச் சீமெந்துத் தரையில் கைகளை விரித்துப் படுக்கச் சொல்லி, உடலைச் சுற்றி வெண்கட்டியால் கோடு வரையுங்கள். பிள்ளை எழுந்த பின், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் குறுக்கே கோடிட்டு, கோட்டுக்கு இரு பக்கமும் வெவ்வேறு நிறம் தீட்டுங்கள். நீங்கள் 'ஆம்' என்றதும் ஓடிப்போய் அந்த நிறத்தின்மேல் நிற்க வேண்டும். 'ஹாண்ட்' என்றால் கோட்டைத் தாண்டி அடுத்த நிறத்துக்குப் பாய வேண்டும். அந்தக் கோட்டைக் காலால் தாண்டிய பிள்ளைக்கு எல்லை மறப்பதில்லை. 'ஆம்' என்பதில் 'ஹாண்டை'யும் சேர்த்துச் சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் உண்டுதான். இந்த வயதில் அதைக் கிளற வேண்டியதில்லை. 'ஃபிங்கர்' (கைவிரல்), 'ரோ' (toe, கால்விரல்) இரண்டையும் இதே படத்திலேயே பிரித்துக் காட்டலாம்.

பதில் 3: தீவகம், முன்பள்ளி ஆசிரியை

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். பிள்ளைகள் தங்கள் உடலையோ ஒரு பொம்மையையோ மட்டும் தொடட்டும். மற்றப் பிள்ளையைத் தொட வைக்கும் விளையாட்டு சிலருக்குக் கூச்சத்தையும் அச்சத்தையும் தரும். தரையில் படுப்பதற்கும் விரும்பி முன்வரும் பிள்ளையையே தெரிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தரைப் படத்தை இந்த வாரமே செய்து பார்க்கிறேன். எழுத்துக்கூட்டலை எப்போது தொடங்கலாம்?

பதில்: வடமராட்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

காதால் கேட்டுத் தயங்காமல் தொடும் சொற்களை மட்டும் எழுதக் கொடுங்கள். 'நீ' என்று ஒலிக்கும் முழங்காலின் பெயர் 'கே' எழுத்தில் தொடங்குவதும், 'தம்' என்று ஒலிக்கும் பெருவிரலின் பெயர் 'பி' எழுத்தில் முடிவதும், ஒலி மனதில் ஊன்றாத பிள்ளையை வீணாகக் குழப்பும். 'ஃபுற்', 'ஃபீற்' (foot, feet) என்பவற்றையும் 'ரூத்', 'ரீத்' (tooth, teeth) என்பவற்றையும் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஒருமை, பன்மைச் சோடியாகக் கற்பியுங்கள்.