மூச்சுத் தசைப் பயிற்சிக் கருவி: வாங்கலாமா, வேண்டாமா?

கோபி_மகள்
அம்மாவுக்கு 63 வயசு. பீடி, சிகரெட் தொட்டதே இல்ல. நாப்பது வருஷம் விறகடுப்பு ஊதினதுல சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சிரைக்கிற நாள்பட்ட நுரையீரல் நோய்) வந்துடுச்சு. குளிச்சிட்டு வந்தாலே மேல்மூச்சு வாங்குது. தடை வச்ச கருவியில மூச்சை இழுத்துப் பழகினா உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசை) பலப்படும்னு ஒருத்தர் சொன்னார். இன்ஹேலர் செலவோட இதுவும் தேவையா? வீட்டுல மூணு பந்து ஸ்பைரோமீட்டர் ஏற்கெனவே இருக்கு.

தினநடை
வேண்டாம்மா. பதினோரு வருஷமா சிஓபிடியோட இருக்கேன், என்னை நிமிர வச்சது நடைதான். 2018ல தோராக்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. மூச்சுத் தசை பலவீனமான 219 நோயாளிகள். எல்லாருக்கும் வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, அதாவது மேற்பார்வையில செய்யிற உடற்பயிற்சி. அதோட ஒரு குழுவுக்கு நிஜக் கருவி, இன்னொரு குழுவுக்குப் போலி. 6 நிமிஷ நடைத் தூரத்துல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்ல.

பிசியோ_தேனி
சார், அந்த ஆய்வோட மறுபாதியையும் சொல்லணும். நிஜக் கருவிக் குழு சைக்கிளை 75 விநாடி கூடுதலா மிதிச்சாங்க, மிதிக்கும்போது மூச்சுத்திணறலும் குறைஞ்சது. மூச்சிரைச்சு உக்கார்ந்தே இருக்கிறவங்களுக்கு அது சின்ன விஷயமா?

அக்கா, மூணு பந்து வேற, இது வேற. பந்து ஏறுறது நாம இழுக்கிற காத்தோட வேகத்தைத்தான் காட்டும்: விநாடிக்கு 600, 900, 1200 மில்லி. பெரும்பாலும் ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குக் கொடுப்பாங்க. பயிற்சிக் கருவியில ஸ்பிரிங் வால்வு இருக்கு. வச்ச அழுத்தத்தை எட்டுற வரைக்கும் திறக்காது, அதுதான் தசைக்குச் சுமை.

தினநடை
ராத்திரி பகல் உழைக்கிற தசைக்கு இன்னும் சுமையா? முற்றின சிஓபிடியில உதரவிதான இழைகள் தாமாவே களைப்பு தாங்குற வகைக்கு மாறிடுதுன்னு 1997லேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல போட்டாங்க. அது ஏற்கெனவே பயிற்சி எடுத்த தசை!

பிசியோ_தேனி
தாக்குப்பிடிக்கும், சரி. இழுக்கிற வலு? வெளியேறாத காத்து நுரையீரலை ஊத வச்சு, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கிற உதரவிதானத்தைத் தட்டையாக்கிடுது. தட்டையான, நீளம் குறைஞ்ச தசையால வலுவா இழுக்க முடியாது. அதனாலதான் முதல்ல உச்ச உள்மூச்சு அழுத்தத்தை, அதாவது முழு பலத்தோட மூச்சை இழுக்கும்போது வர்ற அழுத்தத்தை, அளக்கச் சொல்றேன். 60 செ.மீ. நீர் அழுத்தத்துக்குக் கீழ இருந்தா முயற்சி பண்ணலாம். நல்லா இருந்தா நானே வாங்க வேண்டாம்னு சொல்லுவேன்.

மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போறவங்களுக்குக் கருவியால பெரிய கூடுதல் லாபம் இல்லைங்கிறதை ஒத்துக்கிறேன். போக முடியாதவங்க?

கோபி_மகள்
அதேதான் எங்க நிலைமை. பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். வாரம் ரெண்டு தடவை அம்மாவால முடியாது.

பிசியோ_தேனி
அப்போ அளந்துட்டு ஆரம்பிங்க. உச்ச அழுத்தத்துல சுமார் 30 சதவீதத்துல தொடங்கி, தினமும் அரை மணி நேரம், ரெண்டு வேளையாப் பிரிச்சு. நுரையீரல் எப்பவாவது காத்துக் கசிஞ்சு சுருங்கியிருந்தா டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது.

தினநடை
அளந்துட்டு வாங்கினா நான் குறுக்கே நிக்கல. ஆனா கருவி வந்துடுச்சுன்னு நடையை விட்டுடுவாங்க, அதுதான் என் பயம். திண்ணையில பத்து தப்படி நடந்தாலும் சரி, நடக்கணும். ஒண்ணு கேக்கிறேன்மா: வீட்டுல இன்னும் விறகடுப்பு எரியுதா?

கோபி_மகள்
சமையல் கேஸ்லதான் ஐயா. வெந்நீர் மட்டும் இன்னும் விறகுல போடுறாங்க. அதுவும் அம்மாதான் ஊதுறாங்க. நாளையில இருந்து அதை நிறுத்திடறேன்.