பெருந்தமனி கிழிந்து இரண்டு நாளாகிறது, இன்னும் ஆபரேஷன் செய்யவில்லையே?

ஈசூன்வாசி:
முந்தாநாள் ராத்திரி பிஐஇ விரைவுச்சாலையில் அத்தானுடைய பைக் லாரியின் பின்னால் மோதிவிட்டது. நாலு விலா எலும்பு முறிவு, மண்ணீரலில் ரத்தக்கசிவு, அதற்கு அன்றைக்கே வயிற்றைத் திறந்துவிட்டார்கள். சிடி ஸ்கேனில் பெருந்தமனியும் உள்ளே கிழிந்து ஓரிடம் புடைத்திருக்கிறதாம், ஆனால் அதை மட்டும் தொடாமல் ஏதோ மருந்தை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அக்கா ஐசியு வாசலிலேயே கிடக்கிறாள். இப்படியும் காத்திருப்பார்களா?

நைட்ஷிப்ட்:
தம்பி, நான் ஐசியு நர்ஸ். இது தெரிந்தே காத்திருப்பது. இடது கைக்குக் கிளை பிரிகிற இடத்தைத் தாண்டியதும் பெருந்தமனி கட்டிப்போட்ட மாதிரி நிற்கும், அதற்கு முந்தைய வளைவு கொஞ்சம் ஆடும், வேகமாகப் போன உடம்பு சட்டென்று நின்றால் அந்தச் சந்தியில்தான் பெரும்பாலும் கிழிகிறது. முழுசாகப் பிய்ந்தவர்கள் அனேகமாக ஆஸ்பத்திரி வரைக்கும் வருவதே இல்லை. அத்தானுக்கு வெளிச்சுவர் தாங்குகிறது. அந்த மருந்து துடிப்பையும் அழுத்தத்தையும் இறக்கத்தான். மானிட்டரில் மேல் எண் 120-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். கிழிசலை உள்ளிருந்து மூட ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைக்கும்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் போட வேண்டிவரும், இப்போதுதான் தைத்த வயிற்றுக்கு அது ஆகாது.

இடதுகை:
எனக்கும் இதே இடம்தான், 2016-இல். நெஞ்சைத் திறக்கவே இல்லை, தொடை இடுக்கில் குழாயை விட்டு உள்ளே துணி சுற்றிய ஸ்டென்டை விரித்தார்கள். முன்பெல்லாம் இடப்பக்க விலாவுக்கு நடுவே திறந்து, தமனியை இறுக்கிப் பிடித்துத் தைப்பார்களாம், முதுகுத்தண்டுக்கு ரத்தம் நின்று கால் விளங்காமல் போனவர்களும் உண்டு. ஒன்று மட்டும் கேட்டுவையுங்கள், ஸ்டென்ட் இடது கைக் கிளையின் வாயை மூடுமா என்று. எனக்கு மூடியது. இன்றைக்கும் துணி காயப்போடக் கையைத் தூக்கினால் சீக்கிரம் அசந்துவிடும், பிரஷர் பார்க்க வலது கையைத்தான் நீட்டுவேன். ஸ்கேனுக்கும் வருஷா வருஷம் போகவேண்டும், அதுதான் எரிச்சல்.

கோப்பிஓ:
எல்லாருக்கும் ஸ்டென்ட் என்று நினைத்துவிடாதீர்கள். வலது கைக்கும் தலைக்கும் சேர்ந்து போகிற முதல் கிளை கிழிந்தால் பெரும்பாலும் நெஞ்செலும்பைப் பிளந்து செயற்கைக் குழாய்தான் பொருத்துவார்கள்.

ஈசூன்வாசி:
டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். மூன்றாம் நிலைக் கிழிசலாம், அதாவது அந்தப் புடைப்புதான், வயிறு அடங்கிவிட்டதால் நாளைக் காலை ஸ்டென்ட். கிளை பாதி மூடலாம் என்றார். நைட்ஷிப்ட் அக்கா, இங்கே மானிட்டரில் இப்போது 112.